நளனை விட்ட சனி
திருநள்ளாற்றில் ஒருவனுக்கு வலி கண்டால், ஊரார் முதலில் சனி பகவானைத்தான் சந்தேகிப்பார்கள். உயர்நிலைப் பள்ளி நாட்களில் நமக்கு ஓயாத முதுகுவலி. நளதீர்த்தத்தில் முழுகினோம், எள் தீபம் ஏற்றினோம். நளனை விட்ட சனி நம்மை விடவில்லை. வெளியே காயம் தெரியாததால் உபாத்தியாயர், "பாசாங்கு!" என்றார். வலியைவிட அச்சொல்லே அதிகம் வலித்தது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலி என்பது வைத்திய சாஸ்திரம். வலிக்கிறதென்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டுமென்று சர்வதேச வலி ஆராய்ச்சிச் சங்கம் 2020-இல் எழுதி வைத்தது. நம் பாட்டிக்கோ அது முன்பே தெரியும். "வலிக்கத்தான் செய்யும், அப்பா, சற்று நடந்துவிட்டு வந்து படி" என்பாள். அப்படி நடந்து நடந்தே பரீட்சையில் தேறினோம்.

பெற்றோர்களே, குழந்தை வலியென்றால் முதலில் நம்புங்கள். வைத்தியமும் பரிகாரமும் பிறகு ஆகட்டும்.