காலடித் தடம் ஒரு சாட்சி

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் வழியே கடலைக் கடந்தால், வேலணைத் தீவின் கிழக்குப் பக்கத்தில் அல்லைப்பிட்டி. நீர் வற்றிய நேரம் கரைச் சேற்றைப் பாருங்கள். கொக்கு நடந்த தடம், நாய் ஓடிய தடம்; நீர் ஏறினால் அத்தனையும் அழிந்துவிடும்.

அதை வீட்டுக்குக் கொண்டுவரலாம். தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுத்து, தடத்தைச் சுற்றி அட்டை வளையம் வையுங்கள். பிளாஸ்டர் ஒஃப் பாரிஸைத் தோசை மாப் பதத்தில் கரைத்து மெல்ல ஊற்றுங்கள். நன்றாக இறுகியபின் எடுங்கள்.

பனி கொட்டும் கனடாவிலுள்ள உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வேறு சிரமம். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். பனி உருகித் தடம் கெடும். ஆகவே முதலில் நீரைத் தூவிப் பனிக்கட்டிப் படலமாக உறையவிட்டு, பிறகு குளிர்நீரில் கரைத்து ஊற்ற வேண்டும்.

இது வெறும் விளையாட்டல்ல. இந்தியாவில் 1972இல் காலடித் தடங்களைக் கொண்டே புலிகளை எண்ணி, 1,827 என்றார்கள். ஆனால் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டில் இருந்த புலி, 2005இல் தேடியபோது காட்டில் ஒன்றுகூட இல்லை. தடம் பொய் சொல்லவில்லை. படித்தவர்கள் அதிகம் படித்துவிட்டார்கள். 2006 முதல் கேமராக்களையும் துணைக்கு வைத்தார்கள்.

எனவே அச்சின் பின்புறம் இடமும் நாளும் எழுதப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கண்டதை மட்டும் எழுதவும் சொல்லுங்கள்.