விசில் ஊதப் போகும் மாப்பிள்ளைக்கு

திருப்புட்குழி

அன்புள்ள மாப்பிள்ளை,

ஐஸ் ஹாக்கி கோச்சாகப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதும் உன் அம்மா நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். "நம்ம பெருமாள் கோயில்ல வேண்டிக்கிட்டு, வறுத்த பயறு முளைச்சுப் பிறந்த பிள்ளை. இருக்கிற இன்ஜினியர் வேலையை விட்டுட்டு, ஐஸ் மேல வழுக்கி விளையாடுற பசங்களுக்கு விசில் ஊதப் போறானாம்" என்று ஒரே அழுகை. அவள் தம்பி நான் காலமெல்லாம் பி.டி. வாத்தியாராக விசில் ஊதித்தான் குடும்பம் நடத்தினேன் என்பது அவளுக்கு ஞாபகமே இல்லை. சமாதானம் சொல்லி, விஜயராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டு எழுதுகிறேன்.

அம்மாவின் கவலை இருக்கட்டும். உன் மெயிலில் நீ எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது. "நான் பெரிய ஆட்டக்காரன் இல்லையே மாமா, என் பேச்சைப் பசங்கள் கேட்பார்களா?" என்கிறாய். ஆடுவது ஒரு தொழில், ஆட வைப்பது வேறு தொழில். நம் தெருவில் ஜக்கார்டு அட்டை அடித்துக் கொடுத்தவர் ஒரு முழம் புடவை நெய்து நான் பார்த்ததில்லை. அவர் அட்டை வராவிட்டால் எந்தத் தறியிலும் பூ விழாது.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா ஹாக்கியில் தங்கம் வாங்கியபோது கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன். இதோ நம் பக்கத்து ஆரணியில் பிறந்தவர். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்தோம். அதற்குப் பிறகு இன்றுவரை ஒலிம்பிக் ஹாக்கியில் நமக்குத் தங்கம் கிடையாது. அவரைவிடப் பெரிய தகுதியோடு கோச் நாற்காலிக்கு யார் வர முடியும்? வந்தார். 2000 சிட்னியில் போலந்தோடு 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். ஜெயித்திருந்தால் அரையிறுதி. ஆட்டம் முடிகிற நேரத்தில் ஒரு கோல் விழுந்து டிரா ஆயிற்று. கடைசியில் ஏழாவது இடம். 2006 உலகக் கோப்பைக்கும் அவரையே கோச்சாகப் போட்டார்கள். பன்னிரண்டு அணிகளில் பதினொன்றாவது. சிட்னியின் அந்தக் கடைசி நிமிஷங்களில் அவர் மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓட முடியுமா? கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். ஆடிப் பழகிய மனிதருக்கு அதைவிடக் கொடுமை உண்டா என்று நினைத்துக்கொள்வேன். அவர் மேல் எனக்கு மரியாதை ஒரு இம்மியும் குறையவில்லை. ஆனால் அந்தத் தங்கப் பதக்கம் அவருக்கு அங்கே உதவவில்லை. மாஸ்கோவில் நம் கோச் யார் என்று இங்கே பத்துப் பேரைக் கேட்டுப் பார், ஒருவர்கூட பல்கிஷன் சிங் பெயரைச் சொல்லமாட்டார்.

அதே 1980 பிப்ரவரியில் லேக் பிளாசிடில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் சோவியத் அணியை ஐஸ் ஹாக்கியில் சாய்த்தார்கள். அதுவும் 4-3 தான். அங்கே எல்லோர் வாயிலும் இருப்பது கோச் ஹெர்ப் ப்ரூக்ஸ் பெயர். 1960 ஒலிம்பிக் அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டவர் அவர். அவர் இல்லாமலே அந்த அணி தங்கம் வாங்கியது. வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தவன் மனசில் என்னென்ன ஓடியிருக்கும்!

ஸ்காட்டி போமன் கதை உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். ஜூனியர் ஆட்டத்தில் 1952-இல் எதிரணிக்காரன் மட்டை தலையில் பட்டு மண்டை உடைந்தது. ஆட்டக்காரராக உயரும் கனவு அதோடு முடிந்தது. கோச் ஆனார். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இன் ஸ்டான்லி கோப்பை மூன்று அணிகளோடு ஒன்பது முறை, லீக் ஆட்டங்களில் 1,244 வெற்றி. அன்று அடித்த ஜான் கீ டால்போ பின்னால் செயின்ட் லூயிஸ் அணியில் இவருக்குக் கீழேயே வந்து ஆடினார். போமனும் ஆட வைத்தார். எனக்கு ஒன்பது கோப்பையைவிட இதுதான் பெரிது.

இதற்கு நேர்மாறாகவும் ஒரு கதை உண்டு. நம் ஊரில்தான் யாதவப் பிரகாசர் ராமானுஜருக்குப் பாடம் சொன்னார் என்பார்கள். சீடர் எதிர்க் கேள்வி கேட்டார், குருவுக்குப் பொறுக்கவில்லை. காசி யாத்திரையில் தீர்த்துக்கட்டத் திட்டம் போடும் அளவுக்குப் போனது. கடைசியில் அந்தக் குருவே சீடருக்குச் சீடரானார். உன் அணியிலும் எதிர்க் கேள்வி கேட்கிற பையன் ஒருத்தன் இருப்பான். கோபத்தில் அவனைக் கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்துவிடாதே.

அம்மாவிடம் சொல்ல ஜான் கூப்பரை வைத்திருக்கிறேன். வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோச்சிங் கொடுக்கத் தொடங்கியவர். வக்கீல் கோட்டைக் கழற்றிவிட்டுக் கீழ்மட்ட லீக்குகளில் ஒவ்வொரு படியாக ஏறி 2013-இல் டாம்பா பே அணிக்கு வந்தார். 2020, 2021 இரண்டு வருஷமும் கோப்பை. அந்த நடு வருஷங்களில் அவர் வீட்டிலும் யாராவது அழுதிருப்பார்கள்.

இனி பிடிக்காத விஷயம். இந்த வேலையில் உன்னை ஒரு நாள் அனுப்பிவிடுவார்கள். டொரண்டோவில் 1979-இல் கோச் ரோஜர் நீல்சனை அணி முதலாளி வேலையிலிருந்து தூக்கிவிட்டு, உடனே திரும்பக் கூப்பிட்டு, தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு வந்து நில் என்றாராம். மனுஷன் முடியாது என்றுவிட்டார். ஜெயித்தாலும் நிம்மதி இல்லை. பேரி ட்ராட்ஸ் 2018-இல் வாஷிங்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். சம்பளப் பேச்சு ஒத்துவராமல் அதே மாதம் வெளியேறினார்.

அதனால் கையெழுத்துப் போடுமுன் எத்தனை வருஷ ஒப்பந்தம், நடுவில் நிறுத்தினால் மீதிச் சம்பளம் உண்டா, ஊர் ஊராகப் போகும் பஸ் செலவு யாருடையது, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு. வாய்வார்த்தையை நம்பாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய். சம்பளம் பாதியாகும் என்பதை மட்டும் நீ சொல்லாதே. அதை நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா