கீச்சுக்குரல் எத்தனை ஹெர்ட்ஸ்?

என் வீட்டுப் பதிவறையில் இருக்கும் கிராஃபிக் ஈக்வலைசர் எண்பதுகளில் செய்யப்பட்டது. ரேக்கில் திருகி மாட்டும் 19 அங்குல இரும்புப் பெட்டி. முகப்பில் 31 ஸ்லைடர்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை, காது கேட்கும் எல்லையை அவை பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்றை ஏற்றினால் அந்தப் பங்கு மட்டும் ஓங்கும், இறக்கினால் அடங்கும். மேடைகளுக்கு ஒலிபெருக்கி வைத்துக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை விட்டபோது விற்றார். "வீட்டுக்காரருக்காம்மா?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். பிறகு, எப்படி இணைப்பது என்று இரண்டு முறை விளக்கினார்.

உள்ளே தூசி படிந்து ஸ்லைடர்கள் கரகரத்தன. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, காண்டாக்ட் கிளீனர் அடித்து, ஒவ்வொன்றையும் இருபது முப்பது தடவை ஏற்றி இறக்கினேன். அப்போது முகப்பில் மார்க்கர் கோடுகள் கண்ணில் பட்டன. அவர் வழக்கமாக வைத்த அளவுகள். 2,500, 3,150, 4,000 ஆகிய மூன்றுக்கும் கோடு வெகு கீழே இருந்தது.

அது எனக்குத் தெரிந்த இடம். பட்டிமன்றம், கல்லூரி விழா என்று மேடையேறிய காலத்தில், "கீச்சுனு இருக்கும்மா, மைக்கைத் தள்ளி வச்சுப் பேசுங்க" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் பேசும்போது பெண்குரலின் அடிப்படைச் சுருதி சுமார் 200 ஹெர்ட்ஸ். ஆணுக்குச் சுமார் 120. இரண்டுமே மூவாயிரத்துக்கு வெகு கீழே. அந்த உயரத்தில் இருப்பது ச, ட, த போன்ற எழுத்துகளின் தெளிவு. யார் பேசினாலும் சொல் புரிவது அதனால்தான். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அங்கேதான். ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து ஊளையிடுவதும் அடிக்கடி அங்கேதான்.

மெல்லப் பேசுகிறவருக்கு மைக்கின் அளவைக் கூட்ட வேண்டும். கூட்டினால் ஊளை சீக்கிரம் வரும். ஊளை வந்தால் அந்த ஸ்லைடர்களை இறக்குவார்கள். "பொம்பளப் பிள்ளை சத்தம் வெளியே கேட்கக் கூடாது" என்று வளர்த்துவிட்டு, மேடையில் ஏற்றி, தெளிவையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? குறை அரங்கத்துக்கும் ஸ்பீக்கருக்கும் உரியது. பெயர் மட்டும் அவள் தொண்டைக்கு.

வீட்டில் ஹெட்போன் மாட்டிப் பதிவு செய்வதால் ஊளைக்கு வழியில்லை. எங்கள் தெருப் பெண்களின் கதைகளைப் பதிவு செய்கிறேன். சிறிய அறையின் குமுறல் குறைய 250, 315 இரண்டையும் மூன்று டெசிபல் இறக்குகிறேன். மூவாயிரத்தை நடுக்கோட்டிலேயே விடுகிறேன். கணினியிலிருந்து ஒலியை இந்தப் பெட்டி வழியே அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஆகும். மென்பொருளில் சில நொடி வேலைதான். ஆனால் இந்தப் பெட்டியால் ஒவ்வொருத்தியையும் முழுதாக இன்னொரு முறை கேட்டுவிடுகிறேன். பூக்கட்டும் அக்கா தன் பதிவைக் கேட்டுவிட்டு, "நான் இவ்வளவு கணீர்னா பேசுறேன்?" என்றார்.

ஈக்வலைசர் தொலைபேசிக் கம்பிக்காக வந்தது. நெடுந்தூரம் போகையில் தேய்ந்த ஒலியை மீட்டு, இந்த முனையில் பேசியதை அந்த முனையில் அப்படியே சேர்ப்பதுதான் அதன் முதல் வேலை. பேசியவரைத் திருத்தும் வேலை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

உங்கள் குரல் கீச்சென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், எத்தனை ஹெர்ட்ஸில் என்று கேளுங்கள்.