அட்டைப்பெட்டிப் பள்ளிக்கூடம்

மகளும் நானும் ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருக்கிறோம். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிதான் கட்டடம். தீப்பெட்டிகள் பெஞ்சு, ஐஸ் குச்சிகளை ஒட்டினால் டெஸ்க். கறுப்பு சார்ட்டில் நறுக்கிய கரும்பலகையில் தேதி, பதிவு, வருகை மூன்றும் பொடிப்பொடியாக எழுதியாகிவிட்டது.

"அடுத்து ஹெச்.எம். ரூமா?" என்றேன். "முதல்ல சமையல் ரூம்ப்பா!"

அவள் படிப்பது அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. காலைப் பொங்கலும் மதியச் சாம்பார் சாதமும் அங்கேதான். சொப்புச் சாமானிலிருந்து அடுப்பும் அண்டாவும் வந்து இறங்கின. முட்டைக்குத் தெர்மோகோல் உருண்டைகள். சமையல் ஆயாவுக்கு ஒரு நாற்காலி. "அவங்க நின்னுக்கிட்டே இருக்காங்கப்பா."

1956-இல் காமராஜரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் காலை உணவு. இத்தனை வருட வரலாறும் அந்தச் செருப்புப் பெட்டியின் மூலையில் உட்கார்ந்துவிட்டது.

கழிப்பறைக்கு ஸ்ட்ராவில் குழாய் வைத்தவள், "இதுல தண்ணி வரும்" என்று அழுத்திச் சொன்னாள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் விசாரிக்க வேண்டும்.

"ஸ்கூல்ல இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல" என்கிற பிள்ளையா உங்களுடையது? ஒரு காலிப் பெட்டியும் கோந்தும் கொடுத்துக் கூடவே உட்காருங்கள். எல்லாம் வெளியே வரும்.