மிடறு மாறியபின்

தமிழிசை மரபு இசைக்கருவிகளை ஐந்தாக வகுத்தது. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி ஆகிய நான்கினோடு மிடற்றுக்கருவியையும் அது ஒன்றாக எண்ணிற்று. மனிதனின் தொண்டையும் ஒரு கருவியே என்பது இவ்வகுப்பின் உட்கிடை. ஆயினும் ஏனைய நான்கிற்கும் இல்லாத இயல்பொன்று மிடற்றுக்கு உண்டு. யாழையும் குழலையும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் வாங்கிக்கொள்ளலாம். தந்தை முழக்கிய மத்தளத்தை மைந்தன் முழக்கலாம். மிடறோ உடையவனோடு வந்து உடையவனோடே போய்விடுவது. பிறர்க்குக் கையளிக்க முடியாத கருவி அது ஒன்றே.

இவ்வுண்மை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட களங்களுள் ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேனாட்டில் எழுச்சி பெற்ற றொக் இசைக்குழுக்களின் வரலாறாகும். பாடகர் இறந்தார், அல்லது விலகினார், அல்லது விலக்கப்பட்டார். எஞ்சியோர் புதியவர் ஒருவரை ஒலிவாங்கியின் முன் நிறுத்தினர். பெயர் பழையது, கிற்றாரும் முரசும் பழையன, குரல் மட்டும் வேறு. அந்நிலையிலும் அக்குழுவின் மாயம் எஞ்சுமா என்ற வினா இரசிகர்களை அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிரித்து வைத்துள்ளது.

இவ்வினா றொக் இசையில் மட்டும் இத்துணைக் கூர்மை பெறுவதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பியச் செவ்விசை நாடகத்தில் ஆக்கம் என்பது தாளிலே சுரக்குறிப்பாக உள்ளது. பாடகர் தலைமுறை தலைமுறையாக மாறுவர், ஆக்கம் நிலைக்கும். றொக் இசையிலோ ஒலிப்பதிவே ஆக்கம். பாடலை இயற்றியோரே அதனைப் பாடவும் செய்தனர். ஒரு குறிப்பிட்ட மனிதன் ஒரு குறிப்பிட்ட நாளில் மூச்சு வாங்கிய விதமும், சொல்லொன்றை இழுத்த இழுப்பும், தொண்டை கம்மிய இடமும் பாடலின் உறுப்புக்களாகிவிட்டன. இரசிகன் மனனம் செய்தது மெட்டை மாத்திரமன்று. அந்தத் தொண்டையையும் அவன் மனனம் செய்தான். பதினாறு வயதிலே தன் அறையின் தனிமையில் அவன் கேட்ட குரல் அது. அதனை மாற்றுவது தன் இளமையின் மீது கைவைப்பதாகவே அவனுக்குத் தோன்றும்.

இவ்வினாவுக்கு ‘ஆம்’ என விடை கூறுவோர் முதலிற் சுட்டுவது ‘ஏசி/டிசி’ என்ற குழுவையே. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து அவுஸ்திரேலியாவிற் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த மல்கம் யங், அங்கஸ் யங் என்னும் சகோதரர் 1973இல் சிட்னியில் அதனைத் தொடக்கினர். 1974இல் போன் ஸ்கொற் பாடகராக இணைந்தார். குறும்பும் எள்ளலும் கலந்து கதை சொல்வது போலப் பாடுவது அவரது தனித்தன்மை. 1979இல் வெளியான ‘ஹைவே ரு ஹெல்’ என்னும் இசைத்தட்டு அமெரிக்காவிலும் குழுவுக்குப் பரந்த கவனத்தைப் பெற்றுத் தந்தது. நெடுங்காலம் தட்டிய கதவு திறந்த வேளை அது. 1980 பெப்ரவரி 19ஆந் திகதி, இரவு முழுவதும் மது அருந்தியபின் இலண்டனில் மோட்டார் வண்டியொன்றினுள் உறங்கிய ஸ்கொற் மீண்டும் எழவில்லை. அப்பொழுது அவருக்கு வயது 33.

குழுவைக் கலைத்துவிடுவதே தகும் என எஞ்சியோர் எண்ணினர். தொடர்ந்து நடத்துமாறு ஊக்கியவர்கள் மாண்டவரின் பெற்றோர் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. பல பாடகர் பரீட்சிக்கப்பட்டபின், இங்கிலாந்தின் வடகிழக்கைச் சேர்ந்த பிறையன் ஜோன்சன் தெரிவு செய்யப்பட்டார். ‘ஜோர்டி’ என்ற குழுவிற் பாடி ஓரளவு பெயர் பெற்று, அது தளர்ந்தபின் மோட்டார் வண்டிகளின் கூரைக்கு உறை பொருத்தும் தொழிலை மேற்கொண்டிருந்தவர் அவர். முன்பொருகால் ஜோன்சனின் பாட்டைக் கேட்டு வியந்த ஸ்கொற், அவரைப் பற்றித் தம் தோழர்க்குப் புகழ்ந்துரைத்திருந்தார். இறந்தவரே தம் வாரிசை அறியாமற் சுட்டிச் சென்றார் என்று கூறுமளவுக்கு இச்செய்தி பிற்காலத்திற் பொருள் பெற்றது.

பகாமாத் தீவுகளின் நசோ நகரில் ஒலிப்பதிவு நடைபெற்றது. 1980 யூலை 25ஆந் திகதி ‘பாக் இன் பிளாக்’ வெளியாயிற்று. ஸ்கொற் மறைந்து ஐந்து திங்களே கடந்திருந்தன. மேலுறை துக்கத்தின் அடையாளமாகக் கரிய நிறம் கொண்டது. இசை தொடங்குமுன் ஒலிப்பது, இங்கிலாந்தின் லஃபறோ நகர வார்ப்பகமொன்றில் வார்க்கப்பட்ட கனத்த மணியொன்றின் ஓசை. தலைப்புப் பாடல் ஸ்கொற்றுக்கு அஞ்சலியாகவே இயற்றப்பட்டது. எனினும் அது ஒப்பாரியாகாது ஒரு கொண்டாட்டமாக அமைதல் வேண்டும் என்பதே புதிய பாடகரிடம் குழுவினர் வேண்டியது. உலகெங்கும் ஏறத்தாழ ஐந்து கோடிப் பிரதிகள் விற்பனையானதாகக் கணிக்கப்படும் அவ்விசைத்தட்டு, மிக அதிகமாக விற்பனையான இசைத்தட்டுக்களுள் ஒன்றாக நிலைபெற்றுள்ளது.

விற்பனைத் தொகை கலைத்தரத்தின் அளவுகோலாகாது. ஆகவே இவ்வெற்றியின் காரணங்களை வேறிடத்திலேயே தேடுதல் வேண்டும். மூன்று காரணங்கள் புலனாகின்றன. யங் சகோதரரின் கிற்றார் இசையே அக்குழுவின் அத்திவாரம். அது அசையாது நின்றது. புதியவர் பழையவரின் குரலைப் போலி செய்ய முற்படவில்லை. ஸ்கொற்றின் குரல் கண்சிமிட்டிப் பேசுவது. ஜோன்சனின் குரலோ உச்சத்தானத்தில் உராய்ந்து எழும் ஓலம். மூன்றாவதும் முதன்மையானதுமான காரணம், சாவு மறைக்கப்படாமையே. மணியோசையோடு தொடங்கிய அத்தட்டு, ஒருவர் போய்விட்டார் என்பதை முதற்கணத்திலேயே அறிவித்தது. அதன்பின்னரே புதியவர் வாய்திறந்தார்.

இதற்கு நேர்மாறான வரலாறு ‘டோர்ஸ்’ குழுவினது. அதன் பாடகர் ஜிம் மொறிசன் 1971 யூலை 3ஆந் திகதி பாரிசில் இறந்தார், வயது 27. எஞ்சிய மூவரும் புதுப் பாடகரை நாடவில்லை; தாமே பாடினர். அவ்வாறு இரு தட்டுக்கள் வெளிவந்தன. 1973இல் குழு கலைந்தது. அம்மூவரும் தேர்ந்த இசைஞர் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவர்களது இசை மொறிசனின் கவிதைக்கும் குரலுக்கும் சூழலமைப்பதற்கென்றே வளர்ந்தது. நடுவிலிருந்த விளக்கு அணைந்தபின் சூழ இருந்த கண்ணாடிகள் எதனைக் காட்டும்? 2002இல் அம்மூவருள் இருவர் வேறொரு பாடகரைச் சேர்த்துப் பழைய பெயரைத் தழுவிய பெயரொடு மேடையேறினர். மூன்றாமவரான முரசிசைஞர் ஜோன் டென்ஸ்மோர் அதனை எதிர்த்து வழக்காடினார். மொறிசனின் குடும்பத்தாரும் எதிர்த்தனர். 2005இல் கலிபோர்னிய நீதிமன்று அப்பெயரின் பயன்பாட்டைத் தடை செய்தது. பெயர் எஞ்சியோர்க்கு உரியதா, இறந்தவர்க்கும் உரியதா என்ற வினா இங்கு சட்டவினாவாகவே உருக்கொண்டது.

இவ்விரு வரலாறுகளுக்கும் இடைப்பட்டது ‘ஜெனெசிஸ்’ குழுவின் வரலாறு. 1975இல் பாடகர் பீற்றர் கேப்ரியல் விலகினார். பலரைப் பரீட்சித்துப் பொருத்தமானவரைக் காணாது, ஈற்றில் முரசிசைஞர் பில் கொலின்சே பாட முன்வந்தார். 1976இல் வெளியான ‘எ ற்ரிக் ஒப் த ரெயில்’ நல்வரவேற்பைப் பெற்றது. கொலின்சின் குரல் முன்னரே கேப்ரியலின் குரலுக்குப் பின்னணியாகப் பல பாடல்களிற் கலந்திருந்தது. இரசிகனின் செவி தன்னை அறியாமலே அவரை ஏற்றிருந்தது எனலாம். 1996இல் கொலின்சும் விலகியபோது றே வில்சன் என்ற இளைஞர் வந்தார். அவர் ஆற்றலற்றவரல்லர், குழுவும் பழம்பாட்டையே பாடிக் காலங்கழிக்கவில்லை, 1997இல் புதிய இசைத்தட்டொன்றையே வெளியிட்டது. ஆயினும் அமெரிக்கச் சுற்றுலா கைவிடப்பட்டது, குழுவும் ஓய்ந்தது. நேர்மையும் உழைப்பும் திறமையும் கூடிய இடத்திலும் மாயம் வாராதிருக்கலாம் என்பதற்கு இது சான்று. வெற்றிக்குச் சூத்திரம் வகுப்போர் வில்சனை மறத்தலாகாது.

பெயரிலே நேர்மை காத்தோரும் உளர். ‘குயீன்’ குழுவின் பிரெடி மேர்க்கூரி 1991 நவம்பர் 24ஆந் திகதி மறைந்தார். அவர் விட்டுச் சென்ற குரற்பதிவுகளைக் கொண்டு 1995இல் ஓர் இசைத்தட்டை எஞ்சியோர் நிறைவு செய்தனர். பின்னர் பிறையன் மே, றொஜர் ரெயிலர் ஆகிய இருவரும் முதலிற் போல் றொஜர்சுடனும், பின்பு அடம் லம்பேட்டுடனும் மேடையேறினர். ஒவ்வொரு முறையும் குழுவின் பெயருக்கும் பாடகரின் பெயருக்கும் நடுவே ஒரு கூட்டற்குறி இடப்பட்டது. அச்சிறு குறியிலே ஓர் அறம் பொதிந்துள்ளது. வந்தவர் மேர்க்கூரியின் இடத்தை நிரப்பியவரல்லர், அவ்விடத்தின் அருகே நின்றவர் என்பதை அது கூறிற்று. ‘பிளாக் சபத்’ குழுவினரும் தமது இரண்டாம் பாடகரான றொனி ஜேம்ஸ் டியோவுடன் 2006 முதல் மீண்டும் கூடியபோது பழைய பெயரை இடாது, அவரோடு 1980இல் இயற்றிய இசைத்தட்டின் தலைப்பையே குழுவின் பெயராகக் கொண்டனர்.

இவ்விவாதத்திற் பெரிதும் மறக்கப்படுபவர் வந்து சேர்ந்தவரே. ‘ஜேர்ணி’ என்ற அமெரிக்கக் குழுவின் புகழ் ஸ்ரீவ் பெரியின் குரலால் வந்தது. 2007இல் அக்குழுவின் கிற்றார் இசைஞர் நீல் ஷோன், பழைய பாடல்களை மணிலா நகரில் ஒருவர் பாடிய காட்சிகளை இணையத்திற் கண்டார். சிறுவயதிலே தாயை இழந்து, வீடற்று, பூங்காக்களில் உறங்கி வளர்ந்த ஆர்னெல் பினேடாவே அவர். பெரியின் குரலை ஒத்த குரல் அவருடையது. அவ்வொப்புமையே அவரை மேடையேற்றியது. அவ்வொப்புமையே அவருடைய பாட்டை அவருடையதென ஏற்கவிடாது தடுத்தும் நின்றது. சிறப்பாகப் பாடினால் ‘பெரியைப் போல’ என்பர். மாற்றிப் பாடினால் ‘பெரி அல்லர்’ என்பர். இடையிலே ஒரு மனிதன் நாள்தோறும் தன் தொண்டையை வருத்திக்கொண்டிருக்கிறான் என்பது எண்ணப்படுவதில்லை. இரசிகனின் பற்று இங்கு கொடுமையாக மாறிவிடுகின்றது.

எல்லாவற்றையும் தொகுத்து நோக்கின், வினாவே சற்றுப் பிழைபட எழுந்துள்ளமை தெரியவரும். மாயம் என்பது குழுவினிடம் ஒரு பொருளாக இருந்து, பாடகர் மாறும்போது காக்கப்படுவதோ இழக்கப்படுவதோ அன்று. அது பாடுவோனுக்கும் கேட்போனுக்குமிடையே ஒரு காலத்தில் நிகழ்வது. 1979இல் ஸ்கொற்றைக் கேட்டவனுக்கு நிகழ்ந்தது மீண்டும் நிகழாது; ஸ்கொற் உயிரோடிருந்து ஐம்பது வயதிற் பாடியிருப்பினும் அது நிகழ்ந்திராது. அவ்விழப்பு உண்மையானது, விற்பனைக் கணக்கு எதுவும் அதனை ஈடுசெய்யாது. ஆனால் 1980இன் பின்னர் பிறந்தவனுக்கு ஜோன்சனே முதற்குரல். ஸ்கொற் பாடியது ஆறாண்டு அளவே. ஜோன்சன் மேடையேறி நாற்பதாண்டுகள் கடந்துவிட்டன. இளையவனின் மாயம் போலியென உரைக்க மூத்தவனுக்கு உரிமையில்லை. மூத்தவனின் துயரம் பிடிவாதமென உரைக்க இளையவனுக்கும் உரிமையில்லை.

எனினும் எஞ்சியோர்க்கென ஒரு கடமை எஞ்சியே நிற்கின்றது. போனவர் போனார் என்பதை ஒளியாதிருத்தலும், வந்தவரை நிழலாக அன்றி மனிதராக நிறுத்துதலுமே அது. 1975இல் வெளியான ‘இற்ஸ் எ லோங் வே ரு த ரொப்’ என்ற பாடலிலே ஸ்கொற், பாக்பைப் எனும் ஸ்கொத்லாந்துக் குழலைத் தாமே ஊதிப் பாடினார். அவர் பாடிய வேறு பல பாடல்களை ஜோன்சன் மேடைதோறும் முழங்கியுள்ளார். இந்த ஒன்றை மட்டும் அவர் பாடாது தவிர்த்தே வந்துள்ளார். அது ஸ்கொற்றினுடையது என்பதே காரணம். ஆயிரக்கணக்கானோர் கூடிய அரங்குகளில், கனத்த மணி தொங்கிய அம்மேடையில், அந்த ஒரு பாடலின் இடம் ஒவ்வோரிரவும் வெறுமையாகவே விடப்பட்டது. மற்றப் பாடல்கள் அவ்வெறுமையைச் சுற்றியே ஒலித்தன.