ஐந்தாவது டியூப்

பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுப்பவன் நான். நெருப்பு வெளிச்சத்துக்கு நாலு நிறம் போதும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவனும் நான்தான்: மஞ்சள் ஓக்கர், வெர்மிலியன், ஐவரி பிளாக், வெள்ளை. சுவீடன் ஓவியர் அண்டர்ஸ் சோர்னின் நிறத்தட்டு இது. 1896இல் அவர் தன்னையே வரைந்த படத்தில், கையிலுள்ள தட்டில் இந்த நாலும்தான் தெரியும். இவற்றை மட்டும் வைத்து நான் வரைந்ததாக எல்லோரும் நம்பும் படத்தில் அல்ட்ராமரீன் நீலமும் இருக்கிறது. ஒளித்துத்தான் பூசினேன்.

2022இல் இலங்கையின் மற்ற ஊர்களைப் போலவே எங்கள் சம்மாந்துறையிலும் கேஸ் இல்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. உம்மா கொள்ளி அடுப்புக்குத் திரும்பினா. முகம் வரைந்தால் ஊரில் பேச்சு வரும் என்று முக்காட்டை இழுத்துவிட்டு, பக்கவாட்டில் இருக்கச் சொன்னேன். ஆணச் சட்டிக்கு அடியில் கொள்ளியைத் தள்ளும்போது தாடைக்குக் கீழேதான் வெளிச்சம் கூட, நெற்றி இருட்டு. நெருப்புக்குக் கிட்டிய விரலோரம் சிவப்பில்லை, ஏறக்குறைய மஞ்சள். மணிக்கட்டுப் பக்கம் போகப்போகச் செம்மண், அப்புறம் கரி. அதுவரை நாலு நிறமும் ஒழுங்காகவே ஓடின.

முக்காட்டின் பின்பக்க நிழலில்தான் எனக்குப் பொறுமை போனது. கறுப்பில் கொஞ்சம் வெள்ளை கலந்து செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தச் சாம்பலே நீலம்போலத் தோன்றும். பக்கத்து நிறம் பார்க்கும் வேலை அது. பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரூல் 1839இலேயே இதைப் பெரிய நூலாக எழுதிவிட்டார். வகுப்பில் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். வைத்தேன், தோன்றவும் செய்தது. ஆனால் நாலு பேர் நின்று மெச்சுமளவுக்கு இல்லை என்று பட்டது. டியூபைத் திறந்துவிட்டேன்.

சோர்னும் சில படங்களில் நீலம் பாவித்தவர்தான் என்று தப்பிக்கலாம். அவர் தண்ணீரையும் வானத்தையும் வரைந்தவர். நான் வரைந்தது கதவு சாத்திய அடுப்படி. விறகு நெருப்பின் வெளிச்சத்தில் நீலம் மிகச் சொற்பம்.

உம்மா மட்டும் கேட்டா: "அடுப்படிக்குள்ள நிலவு எங்கால மனே?" சிரித்து மழுப்பினேன்.

பிறகொரு நாள் மாணவன் ஒருவன் தன் படத்தோடு வந்தான். "சேர், நாலு கலர்தான் போட்டன். உங்கட நிழல் மாதிரி வருதில்லையே?" அவனுடைய சாம்பல் சரியாகவே இருந்தது, என்னுடையதைவிடச் சரி. பழகப் பழக வரும் என்றேன். என் கண்முன்னாலேயே அதைக் கத்தியால் சுரண்டத் தொடங்கினான். நான் தடுக்கவில்லை.