ஃபிளின்ட் ஹில்ஸில் ஓர் எலிவால் கன்று

ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஃபிளின்ட் ஹில்ஸ் சரிவுகளெங்கும் நெருப்பு. பழைய புல்லைப் பண்ணைக்காரர்களே கொளுத்துகிறார்கள். சில நாட்களில் கரிக்கு நடுவே பச்சை துளிர்த்துவிடுகிறது. மண்ணுக்கடியில் சக்கிமுக்கிக் கல் என்பதால் இங்கே ஏர் இறங்கவில்லை. அந்த மேய்ச்சல் காட்டில்தான் என்னை மலைக்க வைத்த கன்றைப் பார்த்தேன்.

கறுப்பு ஆங்கஸ் பசுக்களின் கன்றுகளுக்கிடையே அது மட்டும் சாம்பல் நிறம். மயிர் குட்டையாகச் சுருண்டு, அங்கங்கே திட்டுத்திட்டாகத் தோல் தெரிந்தது. வால் நுனியில் குஞ்சமே இல்லை. முதுகைத் தடவினால் தோலின் சூடு நேராக உள்ளங்கையில் ஏறியது.

“எலிவால்” என்றார் பண்ணைக்காரர். “தொத்து நோயில்லை. தாயும் நல்ல மாடு, தகப்பனும் நல்ல மாடு.”

தாய் கறுகறுவென்ற ஆங்கஸ். அதன் வம்சம் ஸ்காட்லாந்து. 1873-இல் ஜார்ஜ் கிராண்ட் நான்கு ஆங்கஸ் காளைகளை இதே கான்சாஸுக்குக் கொண்டுவந்தார். தகப்பன் வெளிர்சிவப்புச் சிமென்டல். அதன் பூர்வீகம் சுவிட்சர்லாந்தின் சிம்மே பள்ளத்தாக்கு. காளை சுமப்பது நிறத்தை வெளிறச் செய்யும் ஒரு மரபணு மாற்றம். பிஎம்இஎல் என்ற அந்த மரபணு உருவாக்கும் புரதம், நிறமிக்குத் தறிப்பாவு போன்றது; அதன்மேல்தான் நிறமி படிகிறது. சிவப்பு மாட்டில் அந்த மாற்றம் நிறத்தை வெளிறவைப்பதோடு நின்றுவிடுகிறது. கறுப்பு மரபணுவோடு ஒற்றைப் பிரதியாகச் சேரும்போது எலிவால் கன்று பிறக்கிறது. அதன் மயிரிழையை உருப்பெருக்கியில் பார்த்தால் கறுப்பு நிறமி சீராகப் பரவாமல் கட்டிகட்டியாக நிற்கும்.

இது வெறும் அழகுக் குறை அல்ல. இங்கே பனிக்காலம் கடுமையானது. ஷாலஸ், கண்டிஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் எழுதிய கட்டுரையின்படி, இக்கன்றுகள் பிறக்கும்போது எடையில் மற்றவற்றுக்குக் குறைவில்லை. பால் மறந்தபின் வரும் குளிர்மாதங்களில்தான் எடை கூடுவது குறைகிறது. கோடையில் ஈயை விரட்டக் குஞ்சமும் இல்லை.

இப்போது வால்மயிரின் வேரை அனுப்பினாலே எந்தக் காளை இதைச் சுமக்கிறது என்று சோதனையில் தெரிந்துவிடும். பண்ணைக்காரர் அந்தக் காளையைக் கழித்துவிடவில்லை. அடுத்த பருவத்தில் சிவப்புப் பசுக்களோடு விடப்போகிறார். கறுப்பு இல்லாத அந்த மந்தையில் எலிவால் வர வழியில்லை. குறை வம்சத்தில் இல்லை, சேர்க்கையில்தான் இருக்கிறது என்பதை அறிந்தவர் அவர். ஒரு நல்ல காளை பிழைத்தது.